பிகாசாவுக்குப் பிறகு வீட்டுப் படங்களை எதில் அடுக்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 2005-இலிருந்து சேர்ந்த நாற்பதாயிரம் படங்கள் ஒரு பழைய டெஸ்க்டாப்பில், பிகாசா என்ற பழைய படம் அடுக்கும் மென்பொருளில் இருக்கின்றன. புது விண்டோஸ் லேப்டாப் வாங்கப் போகிறீர்கள். அதில் அடோபியின் படம் அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூமுக்குச் சந்தா கட்டலாமா, கடைக்காரர் சும்மா போட்டுத் தருகிறேன் என்கிற போட்டோஷாப் போதுமா, இலவசமாகவே உருப்படியாக ஏதாவது உண்டா? வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் ரேம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பிவிடலாம். அடுக்கி வைக்க டிஜிகேம். சட்டென்று திறந்து பார்க்க ஃபாஸ்ட்ஸ்டோன் இமேஜ் வியூவர். இரண்டுக்கும் வீட்டு உபயோகத்தில் காசில்லை. லைட்ரூம் அருமையான மென்பொருள்தான். ஆனால் கேமராவில் ரா ஃபைலாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலத் தரவாகப் படம் எடுக்கிறவராக நீங்கள் இல்லையென்றால் மாதாமாதம் கட்டும் பணம் வீண். கடைக்காரரின் போட்டோஷாப் வேண்டவே வேண்டாம்.

இனி காரணங்கள். போட்டோ மென்பொருள் என்றதும் பெரும்பாலானோர் எடிட்டிங் வசதிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். எதில் வானம் மாற்றலாம், எதில் பின்னால் நிற்கிற ஆளை அழிக்கலாம் என்று. நாற்பதாயிரத்தில் நீங்கள் உட்கார்ந்து திருத்தப் போவது மிஞ்சிப் போனால் சில நூறு. மீதியெல்லாம் தேடும்போது கைக்குக் கிடைத்தால் போதும். அதனால் ஒரு மென்பொருளிடம் நான் முதலில் கேட்பது வேறு: நான் மெனக்கெட்டு எழுதிவைக்கும் பெயர், குறிப்பு, தேதி எல்லாவற்றையும் நீ எங்கே வைக்கிறாய்? படத்துக்குள்ளேயா, உன் சொந்தக் கிடங்கிலா? நாளை உன் கம்பெனி உன்னைக் கைவிட்டால் என் உழைப்பு என்னோடு வருமா?

கைவிடுவார்களா என்று சந்தேகப்பட வேண்டாம். பிகாசாவை கூகுள் 2004-இல் வாங்கியது, 2016 மார்ச்சில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போட்டோ கேலரி 2017 ஜனவரியில் போயிற்று. ஆப்பிள் 2014-இல் தன் பட மென்பொருள்களான ஐபோட்டோ, அப்பர்ச்சர் இரண்டுக்கும் ஒன்றாக மூடுவிழா அறிவித்தது. மூன்றும் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள். பெரிய கம்பெனி, அதனால் நிலைக்கும் என்ற கணக்கு இந்தத் துறையில் செல்லாது.

ஒரு ஜேபெக் ஃபைலில் படம் மட்டும் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கேமராவே எழுதிவிடும் எக்ஸிஃப் என்ற பகுதியில் எடுத்த தேதி, நேரம், லென்ஸ் விவரம் எல்லாம் இருக்கும். செல்போனில் லொகேஷன் போட்டிருந்தால் இடமும் இருக்கும். பத்திரிகைக்காரர்கள் தேவைக்காக வந்த ஐபிடிசி பகுதியில் தலைப்பு, டேக் (தேடுவதற்கான குறிச்சொல்) எழுதலாம். 2001-இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி இன்னும் தாராளம். படத்தில் எந்தக் கட்டத்துக்குள் யார் முகம் இருக்கிறது என்பதைக் கூட அதில் எழுதிவைக்கலாம். இவை மூன்றும் ஃபைலோடு ஒட்டிக்கொண்டவை. பென் டிரைவில் காப்பி செய்தாலும் கூடவே வரும், இவற்றைப் படிக்கத் தெரிந்த எந்த மென்பொருளிலும் பார்க்கலாம். இங்கே எழுதப்பட்டது உங்கள் சொத்து. வேறெங்கே எழுதப்பட்டாலும் அது அந்த மென்பொருள் உயிரோடு இருக்கும்வரைதான்.

பிகாசா இந்த விஷயத்தில் பாதி நல்லது செய்தது. நீங்கள் எழுதிய தலைப்பும் டேக்கும் ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே போயிருக்கும். ஆனால் ஸ்டார், ஆல்பம், முகத்துக்கு வைத்த பெயர், செய்த திருத்தங்கள் இவையெல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் பிகாசா.ஐஎன்ஐ என்ற சின்ன ஃபைலிலும் அதன் டேட்டாபேஸிலும்தான் இருக்கும். படங்களை மட்டும் புது லேப்டாப்புக்கு அள்ளிக்கொண்டு வந்தால் இவை எதுவும் வராது. ஆகவே பழைய டெஸ்க்டாப் உயிரோடு இருக்கும்போதே, பிகாசா திறக்கும்போதே, சில வேலைகளை முடித்துவிடுங்கள். அதுவரை அந்த டெஸ்க்டாப்பை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

முதல் வேலை, மொத்தத்தையும் அப்படியே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுப்பது. இனி செய்யப்போகும் ஒவ்வொன்றும் ஃபைலுக்குள் எழுதும் வேலை என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். பிறகு பிகாசாவில் டூல்ஸ் மெனுவுக்குப் போய் எக்ஸ்பெரிமெண்டல் என்ற வரியைப் பாருங்கள். 3.9 பதிப்பு என்றால் அதற்குள் ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால் இத்தனை வருஷம் நீங்கள் பொறுமையாகப் பெயர் வைத்த முகங்கள் எல்லாம் படங்களுக்குள் எழுதப்படும். டிஜிகேம் பின்னால் அவற்றைப் படித்துக்கொள்ளும். படம் நிறைய, நேரம் பிடிக்கும்; ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடலாம்.

அடுத்தது திருத்தங்கள். பிகாசாவில் ஒரு படத்தை வெட்டி, நிறம் சரிசெய்து பார்த்திருப்பீர்கள். திரையில் திருத்தியதாகத் தெரிந்தாலும் உள்ளே ஃபைல் பழையபடியேதான் இருக்கும். சேவ் கொடுத்தால்தான் திருத்தம் ஃபைலில் ஏறும்; திருத்தாத மூலப்படம் அதே இடத்தில் ஒரு மறைவான ஃபோல்டருக்குப் போய்விடும். ஒவ்வொரு ஃபோல்டரின் தலைப்பிலும் மொத்தமாகச் சேவ் செய்ய ஒரு பட்டன் உண்டு. வேண்டிய ஃபோல்டர்களில் அதை அழுத்துங்கள். ஆல்பங்களுக்கும் ஸ்டாருக்கும் நேர்வழி இல்லை, குறுக்குவழி உண்டு: ஆல்பத்தைத் திறந்து எல்லாப் படங்களையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் டி-யும் சேர்த்து அழுத்தி, அந்த ஆல்பத்தின் பெயரையே ஒரு டேக்காகக் கொடுங்கள். ஸ்டார் போட்ட படங்களை வடிகட்டி அவற்றுக்கும் ஒரு டேக். டேக் ஃபைலுக்குள் போய்விடும் என்பதால் ஆல்பம் கலைந்தாலும் கவலையில்லை. பிகாசா பழசு, இந்த டேக்குகளை ஆங்கில எழுத்தில் வைப்பதே பத்திரம். பிறகு டிஜிகேமில் ஒரே அடியில் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இனி டிஜிகேம். 2001-இல் தொடங்கி, கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் குழுவின் குடையில் இன்றுவரை வளர்ந்துவருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அழகில் பிகாசாவுக்குக் கிட்டே வராது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நெட்டுக்குத்தாக டேப்கள், மெனுவுக்குள் மெனு. முதல் நாள் திறந்தால் தலை சுற்றும். பிகாசாவில் எல்லாம் தானாக நடந்தது, இதில் நீங்கள் சொன்னால்தான் நடக்கும். அந்தக் குணத்துக்காகவேதான் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

நிறுவும்போது டேட்டாபேஸை எங்கே வைக்க என்று கேட்கும். எஸ்க்யூலைட் என்பதைத் தேர்ந்தெடுத்து லேப்டாப்பின் சொந்த டிஸ்கிலேயே வையுங்கள். படங்கள் வெளி டிஸ்கில் இருக்கலாம், டேட்டாபேஸ் இருக்கக் கூடாது, வேகம் படுத்துவிடும். அடுத்து, விவரங்களை ஃபைல்களில் எழுதவா என்று ஒரு பக்கம் வரும். எல்லோரும் நெக்ஸ்ட் தட்டிக் கடந்துபோகும் இந்தப் பக்கம்தான் மொத்த விஷயத்துக்கும் சாவி. எழுது என்று சொல்லுங்கள். பிறகு அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தோடு சேரும் விவரங்கள்) பகுதிக்குப் போய் டேக், தலைப்பு, நட்சத்திரம், முகம் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இது இல்லாமல் டிஜிகேமைப் பயன்படுத்தினால் பிகாசாவில் நேர்ந்ததே இன்னொரு முறை நேரும்.

தமிழில் டேக் வைக்கலாமா? தாராளமாக. ஒரு நுணுக்கம் மட்டும். பழைய ஐபிடிசி தரத்தில் ஒரு டேக்குக்கு 64 பைட்டுக்கு மேல் இடம் கிடையாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் எழுத்தும் குறியும் தனித்தனியாக மும்மூன்று பைட். அதனால் 'மஞ்சள் நீராட்டு விழா' 56 பைட்டில் உள்ளே அடங்கிவிடும். 'திருவண்ணாமலை கார்த்திகை தீபம்' 83 பைட் ஆகி அடங்காது. எக்ஸ்எம்பியில் இந்தக் கட்டுப்பாடு இல்லை, டிஜிகேம் அதிலும் எழுதும் என்பதால் டிஜிகேமுக்குள் சிக்கல் தெரியாது. ஐபிடிசியை மட்டும் படிக்கும் வேறு மென்பொருளில் திறந்தால் டேக்கின் வால் அறுந்திருக்கும். திருவண்ணாமலை ஒரு டேக், தீபம் ஒரு டேக் என்று பிரித்து வைத்தால் பிரச்சினையே இல்லை. தேடுவதற்கும் அதுதான் வசதி.

முகங்களுக்குப் பெயர் வைக்கும்போது முறைப்பெயர் வைக்காதீர்கள். நீங்கள் 'பெரியப்பா' என்று வைக்கிறவர் உங்கள் பிள்ளைகளுக்குத் தாத்தா. உங்கள் மனைவியின் 'மாமா' வேறொருவர். சொந்தப் பெயரையே வையுங்கள். அதிலும் நம் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், இனிஷியல் கூட ஒன்றாக அமையலாம். பெயரோடு பிறந்த வருஷத்தைச் சேர்த்து 'சுப்பிரமணியன் 1938', 'சுப்பிரமணியன் 1995' என்று வைத்தால் குழப்பம் வராது. முகம் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க உங்கள் லேப்டாப்பிலேயே நடக்கும், எந்த சர்வருக்கும் படம் போகாது. அதற்கான தரவை மட்டும் முதல்முறை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும், சில நூறு எம்பி இருக்கும். பெரியவர்கள் முகத்தில் ஓரளவு நன்றாகத் தேறும். கைக்குழந்தைகளில் சொதப்பும், அக்கா குழந்தைக்குத் தம்பி குழந்தையின் பெயர் சொல்லும். ஒவ்வொன்றாக ஆமாம், இல்லை என்று நீங்கள் தட்டத்தட்டத் தேறிவரும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், டிவி பார்க்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிற வேலை இது.

ஃபோல்டர் எளிமையாக இருக்கட்டும். வருஷத்துக்கு ஒன்று, அதற்குள் '2012-05 அக்கா பெண் சடங்கு' என்பது போல மாதமும் நிகழ்ச்சியும். தேதி முன்னால் வந்தால் தானாக வரிசைப்படும். இதற்கு மேல் உள்ளே உள்ளே போகாதீர்கள். யார், எந்த ஊர் என்பதையெல்லாம் டேக் பார்த்துக்கொள்ளும்.

வாட்ஸாப் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் சேரும் குப்பையில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது. வாட்ஸாப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடும், எக்ஸிஃப் விவரங்களையும் உருவிவிடும். எடுத்த தேதி போய்விடுவதால் லேப்டாப்புக்குக் காப்பி செய்த நாள்தான் படத்தின் தேதி என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். 2019 பொங்கல் படம் போன வாரத்துப் படங்களோடு போய் உட்காரும். மீட்க ஒரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனிலிருந்து வந்த வாட்ஸாப் ஃபைலின் பெயரிலேயே 20190115 என்று எட்டு இலக்கத்தில் தேதி இருக்கும். டிஜிகேமில் படங்களைத் தேர்ந்தெடுத்து, நேரம் சரிசெய்யும் கருவியில் தேதியை ஃபைல் பெயரிலிருந்து எடு என்று சொல்லலாம். கிடைப்பது வாட்ஸாப்பில் வந்த நாள்தான், எடுத்த நாள் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் ஓரிரு நாள் வித்தியாசத்தில் இருக்கும். அதே கருவியால், பேட்டரி தீர்ந்து தேதி 2000 ஜனவரி 1-க்குப் போய்விட்ட பழைய டிஜிட்டல் கேமரா படங்களையும், அமெரிக்க நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த தம்பியின் கேமரா படங்களையும் மொத்தமாக நகர்த்திச் சரிசெய்யலாம்.

இனிமேல் சொந்தக்காரர்களிடம் நல்ல படம் கேட்கும்போது டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சுருங்காமல், தேதியோடு வரும். இது வெறும் பிடிவாதம் இல்லை. நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1200-க்கு 1800 பிக்சல் வேண்டும். கல்யாண ஆல்பத்தில் விரிக்கும் பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குலத் தாளுக்கு அதே கணக்கில் 3600-க்கு 10,800. வாட்ஸாப்பில் வந்ததை அந்த அளவுக்கு இழுத்தால் என்ன ஆகும் என்று எந்த ஸ்டூடியோக்காரரையும் கேட்டுப் பாருங்கள்.

கூகுள் போட்டோஸ் இருக்கும்போது இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு என்று மனைவி கேட்பார், நியாயமான கேள்வி. தேடுவதில் அதை அடிக்க ஆளில்லை. கோலம், கடற்கரை, நாய்க்குட்டி என்று தட்டினால் நீங்கள் டேக் எதுவும் வைக்காமலே எடுத்துக் கொடுக்கும். வீட்டில் எல்லோரும் போனில் பார்க்க அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடமாக மட்டும் நம்ப வேண்டாம். அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி, அதற்கு மேல் காசு. இடம் மிச்சம் பிடிக்கும் தரத்தில் ஏற்றியிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் சுருங்கியிருக்கும், மற்றவையும் அழுத்தப்பட்டிருக்கும். அங்கே வைக்கும் முகப் பெயர்கள் உங்கள் ஃபைலுக்குள் எழுதப்படுவதில்லை. கூகுளின் டேக்அவுட் சேவை மூலம் மொத்தமாக இறக்கினால் நீங்கள் அங்கே திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குப் பக்கத்தில் தனி ஜேசன் ஃபைலாக வரும். அதைப் படத்துக்குள் ஏற்ற எக்ஸிஃப்டூல் போன்ற கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னும் இரண்டு. போனில் கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நம்பி அழிக்கிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மற்றது, இரண்டு வருஷம் யாரும் தொடாத கூகுள் கணக்கை அதிலுள்ள படங்களோடு நீக்கிவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து அவர்களின் விதி. வீட்டில் வயதானவர்கள் படம் எல்லாம் அவர்கள் போன் கணக்கிலேயே கிடந்தால், பாஸ்வேர்டை இப்போதே கேட்டு வாங்கி ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

லைட்ரூமுக்கு வருவோம். ரா படங்களைப் பதப்படுத்துவதில் அதற்கு ஈடு குறைவு. டிஎஸ்எல்ஆர் வாங்கி ஆர்வமாகப் படம் எடுக்கிறவர்கள் வாங்கலாம். ஒரு முறை காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வது 2015-இல் வந்த லைட்ரூம் 6-ஓடு முடிந்தது. இப்போது சந்தா மட்டும்தான். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா நின்றாலும் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், எடிட் செய்யும் பகுதி பூட்டிக்கொள்ளும். நீங்கள் எழுதும் விவரங்களை அது முதலில் கேட்லாக் என்ற தன் சொந்தக் கிடங்கில்தான் வைக்கும். மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் எழுது என்ற டிக் இயல்பாக அணைந்திருக்கும், நீங்கள்தான் தேடிப் போட வேண்டும். ரா வேலைக்கு இலவசமாக டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் உண்டு. டார்க்டேபிளைப் பழக நாளாகும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள். போட்டோஷாப் எலிமெண்ட்ஸை வீட்டு உபயோகத்துக்கென்றே விற்கிறார்கள். முன்பு ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். 2025 பதிப்பிலிருந்து மூன்று வருஷ உரிமம் மட்டுமே தருகிறார்கள். அதனால் முன்பு போல அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை.

கடைக்காரர் போடும் கிராக் (உரிமப் பூட்டை உடைத்த) போட்டோஷாப்பை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத்தான் ஏற்றுவார், கவனித்துப் பாருங்கள். நெட் பேங்கிங் செய்கிற லேப்டாப்பில் அதை அனுமதிக்கலாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். படத்தில் ஒட்டுவது, வெட்டுவது, அழைப்பிதழ் செய்வது என்று எப்போதாவது வேலை வந்தால் பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ போதும். போட்டோஷாப் ஃபைலையே திறக்கும். கிம்ப் இன்னும் வல்லமை உள்ளது, 2025-இல் வந்த 3.0 பதிப்பு நல்ல முன்னேற்றம்.

எடிட்டிங்கை டிஜிகேமுக்குள்ளேயே செய்யலாம். மண்டபத்தில் எடுத்த ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கு, மறுபக்கம் டியூப் லைட், எல்லோர் முகத்திலும் மஞ்சள் அப்பியிருக்கிறது. முதலில் சாய்வைச் சரிசெய்யுங்கள், மண்டபத் தூண் நேராக நின்றால் போதும். பிறகு ஓரத்தில் வெட்டு. அடுத்து ஒயிட் பேலன்ஸ். அதில் சொட்டுக்குழாய் போன்ற ஒரு பொத்தான் இருக்கும். படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டிய ஓர் இடத்தைத் தொட்டால் மொத்த நிறத்தையும் அதற்கேற்பத் திருப்பும். உடனே எல்லோரும் மாப்பிள்ளை வேட்டியைத் தொடுவார்கள். நீலம் போட்டுத் துவைத்த வேட்டி உண்மையில் வெள்ளை இல்லை, நீலம் கலந்தது. அதையே வெள்ளை என்று மென்பொருளை நம்பவைத்தால் அது நீலத்தைக் குறைக்க மஞ்சளைக் கூட்டிவிடும், படம் முன்னைவிட மோசமாகும். மேடையில் எவர்சில்வர் குடம், சாம்பல் நிற ஸ்பீக்கர், யார் கையிலாவது உள்ள காகிதம், இப்படி ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு நிழலில் இருக்கும் முகங்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்குங்கள். ஷார்ப்னஸ் கடைசியில், அதுவும் லேசாக.

ஆட்டோ என்ற பட்டனை நான் அதிகம் நம்புவதில்லை. கறுத்த முகங்களை வெளுப்பதுதான் அழகு என்று பல ஆப்புகளும் நினைத்துக்கொண்டிருக்கின்றன; தாத்தாவின் நிறம் தாத்தாவின் நிறமாகவே இருக்கட்டும். பழைய மங்கிய படத்தை ஏஐ மூலம் தெளிவாக்குவதும் இப்போது பரவலாகிவிட்டது. அதில் வரும் கண்ணும் மூக்கும் கணினி ஊகித்து வரைந்தவை. மாட்டி வைக்க ஆசையாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஸ்கேன் செய்த மூலத்தை அழிக்காமல் இருந்தால் சரி.

சேவ் செய்யும்போது டிஜிகேம் மூலப்படத்தின் மேல் எழுதாமல், பெயரின் கடைசியில் வி1 என்று சேர்த்துப் புது ஃபைலாக வைக்கும். இயல்பாக இப்படித்தான் இருக்கும், மாற்றாதீர்கள். ஃபாஸ்ட்ஸ்டோனில் சேவ் அழுத்தினால் பழையதன் மேலேயே எழுதிவிடும், அதனால் அதில் எப்போதும் சேவ் ஆஸ். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திருத்தி மறுபடி மறுபடி சேவ் செய்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும், போனது திரும்பாது. ஃபாஸ்ட்ஸ்டோனிலுள்ள இழப்பில்லாத சுழற்றல் மட்டும் விதிவிலக்கு.

இரட்டைப் படங்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் பாருங்கள். டிஜிகேமிலேயே ஒத்த படங்களைத் தேடும் வசதி உண்டு. பெயரும் டேக்கும் வைத்து முடித்த பிறகு செய்தால் எந்தப் பிரதியில் விவரம் இருக்கிறது என்று தெரியும். அந்தப் பிரதியையும் அளவில் பெரியதையும் வைத்துக்கொண்டு, வாட்ஸாப்பில் வந்த குட்டியைத் தள்ளிவிடலாம். தானாக அழி என்று எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்க வேண்டாம். குழுப்படங்களில் அடுத்தடுத்து எடுத்த நாலும் அதற்கு ஒன்றுதான். உங்களுக்குத்தான் எதில் எல்லோரும் கண் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பேக்கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 கணக்கு வீட்டுக்கும் பொருந்தும்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு இடத்தில். படம் சராசரி 4 எம்பி என்றால் நாற்பதாயிரத்துக்கு 160 ஜிபிதான் ஆகும், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினால் பல வருஷத்துக்குப் போதும். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில். தீபாவளிக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வந்தபோது சென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்களிடம் கேட்டால், லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்கும் ஒரே பீரோவில் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்வார்கள்.

அச்சுப் படங்களும் வீட்டில் இருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ போதும். நான்குக்கு ஆறு அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும், அதைவிட அதிகமாக அந்தத் தாளில் பெரும்பாலும் எதுவும் இல்லை. நெகடிவ் இருந்தால் அதைத் தேடி எடுத்து 2400 டிபிஐ-க்கு மேல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள், பிரிண்டைவிட நன்றாக வரும். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஒரு ஸ்கேன் எடுத்து, எழுதியிருப்பதைத் தலைப்பில் தட்டச்சு செய்துவிடுங்கள்.

லேப்டாப்: 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. 8 ஜிபியிலும் டிஜிகேம் ஓடும், முகம் தேடும்போது மட்டும் முனகும். தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு போடுவதற்குப் பதில் ஐபிஎஸ் திரை உள்ளதாகப் பாருங்கள். மலிவான டிஎன் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும், அதில் சரிசெய்த ஒயிட் பேலன்ஸ் வேறு எந்தத் திரையிலும் சரியாக இருக்காது. ஐபோன் படங்கள் வீட்டில் உண்டென்றால், 2017-இலிருந்து அவை ஹெச்இஐசி என்ற வகையில் வருகின்றன. விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் துணைப்பொருள் போட வேண்டியிருக்கும். தொல்லை வேண்டாம் என்றால் போனிலேயே கேமரா அமைப்பில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றிவிடுங்கள், அதன் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபெக்காகவே வரும்.